மாமியார் கொடுத்த சிபாரிசு

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. ஊசி இறங்குவது எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கிறது என்று யாரோ ஒரு நோயாளி சொல்லப்போய், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பதினோரு வருஷம். குண்டுக் கை, சுருங்கிய கை, பச்சைக் குழந்தையின் கை, எதுவானாலும் சரி. ரப்பர் பட்டையைக் கட்டி, விரல் நுனியால் ஒருமுறை தடவிப் பார்ப்பாள். ஒரே குத்து. மற்றவர்கள் இரண்டு கையிலும் குத்திக் குத்தித் தோற்றுப்போனால், "எறும்பைக் கூப்பிடுங்க" என்பார்கள்.

ஒருநாள் காலை ஒரு பெரியவரின் கையைத் தடவிப் பார்த்தபோது அவள் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையுறைக்கு மேல் கையுறை போட்டுத் தடவுவது போல் இருந்தது. மூன்று முறை குத்தினாள். மூன்றும் தவறின. பெரியவர் நல்ல மனிதர். "பரவால்லம்மா, நாலாவது தடவை கிடைச்சிடும்" என்றார். அவள் நாலாவது தடவை குத்தவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டுத் தன் மேலதிகாரியிடம் போய், "இன்னிலருந்து நான் யாருக்கும் ஊசி போடக் கூடாது சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அப்புறம் ஸ்கேன், முதுகுத்தண்டில் ஊசி, மறுபடி ஸ்கேன். நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறை அங்கங்கே தேய்ந்துபோயிருக்கிறது என்றார்கள். குணமாகிற வியாதி இல்லை. மருந்தால் ஓரளவு தள்ளிப்போடலாம். "ஊர்ல இருக்குறவங்க நரம்பையெல்லாம் தேடித் தேடிக் கண்டுபிடிச்சேன், கடைசில என் நரம்பைக் கோட்டை விட்டுட்டேன்" என்று அவள் லேபில் சொல்லிச் சிரித்தாள். கூட வேலை பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

அந்த வியாதியில் ஒரு சங்கடம் உண்டு. பார்த்தால் தெரியாது. காலையில் எழுந்ததும் எறும்பு ஓரளவு நன்றாகவே இருப்பாள். நடப்பாள், பேசுவாள், தலை சீவிக்கொள்வாள். பதினொரு மணிக்கு மேல் யாரோ பிளக்கைப் பிடுங்கின மாதிரி ஆகிவிடும். கால் இழுக்கும், கை மரத்துப்போகும், கண்ணில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரியும். இரண்டு மணிக்கு அவளைப் பார்ப்பவர்களுக்கு, காலையில் பார்த்த பெண்தானா இவள் என்று சந்தேகம் வரும்.

வீட்டில் மூன்று பேர். கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன்; பத்து நாள் ஓட்டம், மூன்று நாள் வீடு. ஆகவே பெரும்பாலான நாட்களில் வீட்டில் இருந்தது எறும்பும் அவள் மாமியாரும்தான். மாமியார் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் கடைசிப் பத்தொன்பது வருஷம் தையல் வரிசைக்கு சூப்பர்வைசர். தெருவில் இன்னும் அவளை சூப்பர்வைசரம்மா என்றுதான் சொல்வார்கள். நாற்பது மிஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே எந்த மிஷினில் நூல் அறுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவள். கெட்டவள் இல்லை. ஆனால் நல்ல வார்த்தை அவள் வாயிலிருந்து வருவது, கல்லில் நார் உரிக்கிற கதைதான். குறை சொல்லவில்லை என்றாலே பாராட்டு என்று எடுத்துக்கொள்ள, கல்யாணமான ஏழு வருஷத்தில் எறும்பு பழகியிருந்தாள்.

அரசாங்கத்தின் இயலாமை உதவித்தொகைக்கு எழுதிப் போட்டு நாலு மாதம் கழித்து பதிவுத் தபாலில் பதில் வந்தது. வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கி, நின்றபடியே பிரித்துப் படித்தாள். நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணம் இரண்டாவது பத்தியில் இருந்தது.

"சரிபார்ப்பு அதிகாரி நேரில் விசாரித்தபோது, விண்ணப்பதாரரின் மாமியார் பின்வருமாறு தெரிவித்தார்: 'என் மருமகள் மாதிரி வேலை செய்கிறவள் இந்தத் தெருவிலேயே கிடையாது. விடிவதற்குள் எழுந்துவிடுவாள். ஒரு வேலையைச் சொல்லி வாய் மூடுவதற்குள் முடித்துவிடுவாள். இந்த வீட்டைத் தாங்குவதே அவள்தான்.' எனவே விண்ணப்பதாரர் வேலை செய்யும் திறன் உள்ளவர் என முடிவு செய்யப்படுகிறது."

எறும்பு அதை இரண்டாம் முறை படித்தாள். முதல் முறை படித்தபோது வந்தது ஆத்திரம். இரண்டாம் முறை என்ன வந்தது என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஏழு வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகள், அரசாங்க முத்திரையோடு வந்திருந்தன.

கடிதத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, போன மாசம் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்ப யாராவது ஆபீஸ்லருந்து வந்தாங்களா?"

"வந்தான் ஒருத்தன். பையும் பேப்பருமா. உன்னைப் பத்திக் கேட்டான்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்ற அளவுக்கு என்ன இருக்கு? நல்லவிதமாத்தான் சொல்லி அனுப்பினேன்."

எறும்பு கடிதத்தைப் படித்துக் காட்டினாள். மாமியாரின் கத்தி பாதிக் காயில் நின்றது. கடைசி வரி வரை கேட்டுவிட்டு, "சரியாத்தானே எழுதியிருக்கான்" என்றாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "அதனாலயா இல்லன்னுட்டான்?"

"அதனாலதான் அத்தை."

மாமியார் முக்காலியில் உட்கார்ந்தாள். தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்யும் பெண்ணுக்கு நீண்ட விடுப்போ வேறு உதவியோ வேண்டுமென்றால் நிர்வாகம் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்கும். சூப்பர்வைசர், "நல்ல வேலைக்காரி சார்" என்றால் கிடைக்கும். "சுமார்தான் சார்" என்றால் கிடைக்காது. பத்தொன்பது வருஷம் எத்தனையோ பெண்களுக்கு அவள் அப்படிச் சொல்லியிருக்கிறாள். பையும் பேப்பருமாக வந்தவன், "உங்க மருமக எப்படிம்மா?" என்று கேட்டதும் அவளுக்கு அதுதான் தோன்றியது. எந்தப் பெண்ணுக்கும் கொடுக்காத சிபாரிசாகக் கொடுத்தாள்.

"நல்லவன்னு சொன்னாத்தானே குடுப்பாங்க? சோம்பேறிக்கு எவன் குடுப்பான்?" என்றாள். குரல் அவ்வளவு சின்னதாக வந்து எறும்பு கேட்டதில்லை.

மேல்முறையீடு செய்ய முப்பது நாள் இருந்தது. இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மா இருந்தாள். நல்ல சளி பிடித்து, வாக்கியத்துக்கு ஒரு தும்மல் தும்மிக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் படித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தாள். "டாக்டர் சர்டிபிகேட்லாம் பலமா இருக்கு. இந்த ஒரு பத்திதான் உங்களைக் கவுத்துடுச்சு. உங்க மாமியார் எழுதிக் குடுக்கணும். விசாரணைக்கும் வந்து சொல்லணும். அன்னிக்குச் சொன்னது சரியில்ல, இவங்களால இன்னின்ன முடியாதுன்னு."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமியார் தலையை ஆட்டினாள். சரி என்கிற ஆட்டல் இல்லை.

"எழுதித் தர மாட்டேன்."

"ஏன் அத்தை?"

"உன்னால முடியாதுன்னு என் வாயால சொல்ல மாட்டேன். வாய்விட்டுச் சொன்னா அப்படியே ஆயிடும்."

"ஏற்கெனவே ஆயிடுச்சு அத்தை."

மாமியார் எழுந்து போய் உலர்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மகன் வழியிலிருந்து போன் செய்து, "அம்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா" என்றதற்கு, "நீ ரோட்டைப் பாத்து ஓட்டு" என்று வைத்துவிட்டாள்.

எறும்பு தன் பங்கு வாக்குமூலத்தைத் தானே எழுதத் தொடங்கினாள். காலையில் கை நன்றாக இருக்கும் நேரத்தில் மட்டும், ஒரு நாளைக்குப் பத்து வரி. ஐந்தாம் நாள் காலை மேசையில் காகிதத்தை வைத்துவிட்டு வாசலில் யாரிடமோ பேசப் போனாள். திரும்பி வந்தபோது மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதியிருக்கே இது?" என்றாள் மாமியார். "'என் சொந்த வேலைகளைப் பெரும்பாலும் நானே பார்த்துக்கொள்கிறேன்.' 'சற்று நேரமானாலும் சட்டைப் பட்டன்களை நானே போட்டுக்கொள்கிறேன்.' இதுல பாதி பொய்."

"நீங்க அந்த அதிகாரிகிட்ட சொன்னது?"

"அது முழுப் பொய். அதனால இது சரின்னு ஆயிடுமா?"

எறும்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் சிரிக்கவில்லை, காகிதத்தில் விரலை வைத்தாள்.

"பட்டன் நீயா போடுற? காலைல எட்டு மணிக்குப் போட்டா ஆறு பட்டனுக்கு நாலு நிமிஷம். மத்தியானம் சட்டை மாத்தினா மூணு பட்டன் போட்டுட்டு உக்காந்துடுவே. மேல கடைசி பட்டன் நான்தான் போடுறேன், 'காலர் சரியில்ல'ன்னு சொல்லிக்கிட்டு. காலர் என்னிக்காவது சரியில்லாம இருந்திருக்கா?"

காலர் சரியில்லை என்று மாமியார் கிட்டே வரும்போதெல்லாம், இந்த அம்மாவுக்கு எதிலும் திருப்தி கிடையாது என்றுதான் எறும்பு நினைத்திருந்தாள்.

"டம்ளர் அஞ்சு உடைஞ்சிருக்கு. பூனை தட்டிவிட்டுச்சுன்ன. நம்ம வீட்டுக்கு எந்தப் பூனை வருது? துணி காயப்போடுறப்ப வலது கை தோளுக்கு மேல போறதில்ல. பதினொண்ணரைக்கு மேல நீ செவுத்தைத் தொடாம நடக்குறதில்ல." மாமியார் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நாப்பது பேர் கையைப் பாத்துட்டே பத்தொம்போது வருஷம் நடந்தவ நான். ஒரே ஒரு ஆள் கை எனக்குத் தெரியாம போயிடுமா?"

"தெரிஞ்சிருந்தா ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீ மறைச்சே. மறைக்கிறவளைத் துருவிக் கேக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

பிறகு மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு, புதுக் காகிதம் ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். "உன்னோடதை நீ திருத்து. என்னோடதை நான் எழுதுறேன். நடுவுல பேசாதே, எழுத்துப்பிழை வந்துடும்."

அவள் மூன்று பக்கம் எழுதினாள்.

விசாரணை நாளன்று மாமியார் எறும்பின் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு அம்மா முதல் நாளே வந்து, தலை சீவாமல், கசங்கின துணியில் போனால்தான் இரக்கப்படுவார்கள் என்று யோசனை சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "கசங்கின துணியில என் வீட்டுல யாரும் வாசல்படி தாண்டினது இல்ல" என்று சொல்லிவிட்டாள் மாமியார்.

பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நீண்ட தாழ்வாரம், சுவரோடு ஒட்டிய பெஞ்சு, ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். பெயரைக் குறித்துக்கொண்ட குமாஸ்தா இளகின மனசுக்காரர். "உடம்பு சரியில்லாதவங்க, உங்களை முதல்லயே அனுப்பிடுறேன்" என்றார்.

"வேண்டாங்க" என்றாள் மாமியார். "எங்களைக் கடைசியா கூப்பிடுங்க."

"ரெண்டு மணி ஆயிடும்மா."

"ஆகட்டும்."

குமாஸ்தா போனதும் எறும்பு, "இது ஏமாத்துற மாதிரி இருக்கு அத்தை" என்றாள்.

"காலைல பத்து மணிக்கு உன்னைக் காட்டுறதுதான் ஏமாத்து. ரெண்டு மணிக்கு இருக்குறவளும் நீதானே? அவளையும் ஒருதடவை பாக்கட்டும்."

வக்கீலம்மா வந்து சேர்ந்தாள், சளி விட்டிருந்தது. மாமியார் பையிலிருந்து ரொட்டியும் பழமும் எடுத்தாள். பன்னிரண்டு மணிக்கு எறும்பின் பேச்சு வேகம் குறையத் தொடங்கியது. ஒன்றரைக்கு அவள் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கூப்பிட்டபோது, ஒரு பக்கம் வக்கீலம்மா, இன்னொரு பக்கம் மாமியார் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவர், வெள்ளை முடி, கையில் பென்சில். ஒரு பக்கம் ஒரு பெண் டாக்டர். இன்னொரு பக்கம் துறை சார்பில் ஓர் அதிகாரி.

டாக்டர்தான் முதலில் எறும்பைக் கேட்டார். "ஊசி போட முடியாது, சரி. லேப்லயே உக்காந்து செய்யிற வேலை இருக்கே. ரத்தம் எடுத்த டியூப்ல பேர் எழுதி ஒட்டுறது மாதிரி. அது முடியாதா?"

"காலைல ரெண்டு மணி நேரம் முடியும் டாக்டர்" என்றாள் எறும்பு. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. "அதுக்கப்புறம் எழுத்து ரெண்டா தெரியும். ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பேர்ல போயிடும். ஒரு தடவை போகப் பாத்துச்சு. பக்கத்துல இருந்தவங்க பாத்துட்டாங்க. பாக்காம விட்டிருந்தா எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது, அந்த ரெண்டு பேருக்கு ஆகியிருக்கும்."

டாக்டர் குறித்துக்கொண்டார். தலைவர் மாமியாரிடம் திரும்பினார்.

"நீங்க அதிகாரிகிட்ட ஒண்ணு சொன்னீங்க. இப்ப எழுத்துல வேற சொல்றீங்க. எதும்மா உண்மை?"

"இப்ப சொல்றதுதாங்க."

"அப்ப அன்னிக்குச் சொன்னது பொய்."

வேலை பார்த்த முப்பத்திரண்டு வருஷத்தில் மாமியாரைப் பார்த்து யாரும் அந்த வார்த்தை சொன்னதில்லை. "பொய்தாங்க" என்றாள். தொழிற்சாலைச் சிபாரிசைப் பற்றிச் சொன்னாள். துறை அதிகாரி சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். தலைவர் சிரிக்கவில்லை.

"இன்னிக்குச் சொல்றது உண்மைன்னு நாங்க எப்படி நம்புறது?"

"கேட்டுப் பாருங்க. எந்த நேரத்தைப் பத்தி வேணாலும் கேளுங்க. அவளை நான் நாள் முழுக்கப் பாக்குறேன்."

டாக்டர் கேட்டார். "காலைல குளிக்கிறது எப்படி?"

"ஆறே காலுக்கு உள்ள போவாங்க... போவா. முன்னாடியெல்லாம் பத்து நிமிஷம். இப்ப முப்பத்தஞ்சு. அதுல பத்துப் பன்னெண்டு நிமிஷம் தண்ணி தரையில விழுற சத்தம்தான் கேக்கும், உடம்புல படுற சத்தம் கேக்காது. அப்படின்னா அவ தரையில உக்காந்துட்டான்னு அர்த்தம். நான் கதவுக்கு வெளில நிப்பேன். எந்திரிக்கிற சத்தம் கேட்டதும் சமையலறைக்குப் போயிடுவேன்."

"ஏன், கதவைத் தட்டலாமே?"

"தட்டினா, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டு அவசரமா எந்திரிப்பா. விழுந்துடுவா."

எறும்பு மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குளியலறைத் தரையில், யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில்தான் அவள் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தாள். சில நாட்கள் அழுதுமிருக்கிறாள். கண்ணில் நீர் கோத்தது. துடைக்கக் கையைத் தூக்கினாள், பாதியில் நின்றது. மாமியார் தன் கைக்குட்டையை எடுத்து, பேசிக்கொண்டே, அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். அந்த அறையில் யாரும் இல்லாத மாதிரி அதைச் செய்தாள்.

தலைவர் பென்சிலை மேசையில் வைத்தார். "போதும்மா. முடிவை எழுத்துல அனுப்புவோம்."

திரும்பும்போது பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. நாலைந்து நிறுத்தம் போனபின் எறும்பு கேட்டாள்.

"தினமுமா நின்னீங்க?"

"வேற வேலை இல்ல, நின்னேன்."

"எனக்குத் தெரியவே இல்ல."

"தெரிஞ்சா நின்னதுக்கு என்ன பிரயோஜனம்?"

எறும்பு கொஞ்சம் யோசித்தாள். "நாளையிலருந்து தாழ்ப்பாள் போடல அத்தை."

"போடாதே" என்றாள் மாமியார், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "ஒரு ஸ்டூல் வாங்கி உள்ள போடுறேன். ரப்பர் கால் வெச்சது. உக்காந்து குளி."

"அதை முன்னாடியே செஞ்சிருக்கலாம் நாம."

"செஞ்சிருக்கலாம்."

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்தச் சமயம் மகன் வீட்டில் இருந்தான். அவன்தான் பிரித்துப் படித்தான். உதவித்தொகை கொடுப்பதாக முடிவாகியிருந்தது. ஆனால் முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து இல்லை, மேல்முறையீடு செய்த நாளிலிருந்து. அதுவும் இரண்டு வருஷத்துக்கு மட்டும். அப்புறம் மறுபடி பரிசோதனை. மகன் மனைவியின் தோளில் கை போட்டு, "கிடைச்சிடுச்சு" என்றான். மாமியாருக்கு அந்த இரண்டு வருஷம் பிடிக்கவில்லை. "குணமாகாத வியாதின்னு அவங்க டாக்டரே எழுதிட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு என்னத்தைப் பாப்பாங்களாம்?" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உதவித்தொகை அட்டைக்குப் புகைப்படம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மகன் மறுநாள் லாரியோடு கிளம்பிவிட்டதால், மாமியாரும் மருமகளும் ஒரு காலை வேளையில் கடைத்தெருவில் இருந்த சின்ன ஸ்டூடியோவுக்குப் போனார்கள். எறும்பு ஸ்டூலில் உட்கார்ந்தாள். புகைப்படக்காரர் கேமராவில் கண்ணை வைத்து, "நெத்தி முடி கண்ணை மறைக்குதும்மா" என்றார். எறும்பு கையைத் தூக்குவதற்குள் மாமியார் சீப்போடு வந்து முடியை ஒதுக்கிவிட்டு, இரண்டடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

படம் எடுத்து முடிந்தது. புகைப்படக்காரர் விளக்கை அணைக்கப் போனார்.

"இன்னொண்ணு எடுங்க" என்றாள் எறும்பு. "ரெண்டு பேரும் சேந்து."

"எதுக்கு?" என்றாள் மாமியார். "கவர்ன்மென்ட் கேக்கலையே."

"நான் கேக்குறேன். வாங்க அத்தை."

புகைப்படக்காரர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். மாமியார் விறைப்பாக வந்து, இடையில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். "கிட்ட போங்கம்மா" என்றார் அவர். கொஞ்சம் நகர்ந்தாள். "இன்னும்." எறும்பு தன் இடது கையால் மாமியாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

படத்தைத் திரையில் காட்டினார். மாமியார் கண்ணாடியைப் போட்டு, தைத்த சட்டையைப் பரிசோதிக்கிற மாதிரி மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"நான் கண்ணை மூடியிருக்கேன்" என்றாள். "இவ நல்லா இருக்கா. இன்னொருதடவை எடுங்க."

அவர் மறுபடி விளக்கைப் போட்டார்.